சென்னை ஆறுகள், ஏரிகள், வெள்ளம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் நெருங்கினால் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், ஏரி பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில்கூட இதே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எளியதில் ஆரம்பித்துச் சிக்கலானதற்குப் போகும், அதனால் மேலிருந்து படிப்பது வசதி.

1. எங்க தெருவுல பெய்யற மழைத்தண்ணி கடைசியா எங்க போகுது? எங்க வீட்டுப் பக்கத்துல ஆறே இல்லையே!

பக்கத்தில் ஆறு இல்லாவிட்டாலும் நீங்கள் ஏதோ ஓர் ஆற்றின் நிலத்தில்தான் குடியிருக்கிறீர்கள். மொட்டை மாடித் தளம் போடும்போது கொத்தனார் வாட்டம் கொடுப்பார் இல்லையா, எந்த மூலையில் பெய்தாலும் தண்ணீர் ஒரே குழாய் வாய்க்கு வந்து சேரும். நிலத்துக்கும் அப்படி ஒரு வாட்டம் இருக்கிறது. ஒரே வாய்க்குத் தண்ணீரை அனுப்பும் நிலம் முழுவதும் சேர்ந்ததுதான் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி.

சென்னையில் வடக்கே கொசஸ்தலையாறு எண்ணூர் கழிமுகத்திலும், நடுவில் கூவம் நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்திலும், தெற்கே அடையாறு பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவிலும் கடலைச் சேர்கின்றன. இன்னும் தெற்கே வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்துத் தண்ணீருக்கு ஆறு கிடையாது, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குள் போகிறது. கொசஸ்தலையாற்றின் கிளையான நகரி ஆறு ஆந்திராவின் நகரி மலைப்பக்கம் இருந்து வருகிறது. அங்கே கனமழை என்றால் இங்கே பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பும், ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் மணலி புதுநகர்க்காரர்கள் கவலைப்பட ஆரம்பிப்பார்கள்.

2. வெள்ளம், வறட்சி, புயல்... இதெல்லாம் ஆத்துக்குக் கெடுதல்தானே?

ஆற்றங்கரையில் வீடு கட்டியிருப்பவருக்குக் கெடுதல். ஆற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது. வெள்ளம் வரும்போதுதான் ஆறு தன் படுகை மணலைப் புரட்டிப் போடுகிறது, வண்டலைக் கரையோர நிலத்தில் பரப்புகிறது, பக்கத்துக் கிணறுகளுக்கு நீர் ஊட்டுகிறது, கடல் வாயில் சேர்ந்த மணல் திட்டை உடைத்துத் தள்ளுகிறது. வறட்சியில் ஏரிப் படுகை காய்ந்து வெடித்து, அடியில் கிடக்கும் மக்கு காற்றுப் பட்டுச் சிதைகிறது, அடுத்த மழையில் அதுவே புல்லுக்கும் பூச்சிக்கும் மீனுக்கும் உரமாகிறது. இந்த ஊர் நீர்நிலைகளில் இருக்கும் உயிர்கள் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை.

முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது, இந்தப் பக்கம் முழுக்க நான் அதையே வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன். இயற்கையின் இடையூறு வரும், போகும், நடுவில் ஆற்றுக்கு ஆற அவகாசம் கிடைக்கும். நாம் செய்வது பெரும்பாலும் வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. கட்டின சுவர் அங்கேயே நிற்கும், கழிவுநீர் வருஷம் பூராவும் விழும், அள்ளின மணல் திரும்பி வராது. அப்படி அகலமும் ஆழமும் வலுவும் குறைந்துபோன ஆற்றில் அடுத்த பெருமழை விழும்போதுதான் அதற்குப் பேரிடர் என்று பெயர் வைக்கிறோம்.

3. வருஷத்துல பாதி நாள் தண்ணியே இல்லாத ஒண்ணை எப்படி ஆறுன்னு சொல்றீங்க?

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. இது குறைவான மழை கிடையாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பனிமலையில் பிறக்காத, கடற்கரைச் சமவெளியில் ஓடும் ஆறு இப்படித்தான் இருக்கும், சில வாரம் பொங்கும், பல மாதம் மணலுக்கு அடியில் மெதுவாக நகரும். வறண்ட படுகையும் ஆறுதான்.

இதைப் புரிந்துகொள்ளாததால் வந்த வினைதான் பாதிக்கு மேல். பிப்ரவரியில் வந்து இடம் பார்ப்பவருக்கு அது காலி நிலம் மாதிரி தெரிகிறது. இன்றைக்குக் கோடையிலும் கூவத்திலும் அடையாற்றிலும் தண்ணீர் ஓடுவதாகத் தெரிகிறதே என்றால், நகர எல்லைக்குள் அதில் பெரும்பகுதி கழிவுநீர்.

4. ஆறு தானாவே இடம் மாறுமா? பாலாறு முன்னாடி சென்னை வழியா ஓடுச்சுன்னு ஒரு வீடியோவில சொன்னாங்க.

மாறும். பாலாறு பழைய காலத்தில் காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசஸ்தலையாறு ஓடும் தடத்தில் கடலுக்குப் போயிருக்க வேண்டும் என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். கொசஸ்தலையாற்றுக்கு விருத்த க்ஷீரநதி, அதாவது பழைய பாலாறு, என்றொரு பெயரும் உண்டு. அந்தப் பழைய ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் அடுக்குகள்தான் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. அந்த நீரைத்தான் சென்னை பல வருஷமாக உறிஞ்சிக் குடித்தது. (அது என்ன ஆனது என்பதை 12ஆம் கேள்வியில் சொல்கிறேன்.)

இதே கொசஸ்தலையாற்றுக் கரையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் ஆய்வு முடிவு வெளியானது. அவ்வளவு காலமாக மனிதர்கள் இந்த நீரை ஒட்டி வாழ்ந்திருக்கிறார்கள்.

5. ஏரி எல்லாம்கூட மனுஷன் வெட்டினதுதானே? அப்ப அதுவும் ஆத்துக்கு இடையூறுதானே சார்?

நல்ல கேள்வி, ஆமாம் என்பதுதான் நேர்மையான பதில். ஓடும் தண்ணீரை மண் கரை போட்டு மறிப்பது மனித இடையூறுதான். ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். நிலத்தின் வாட்டத்தைப் பார்த்து, சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் கரை எழுப்பினார்கள். பாசனத்துக்கு மதகு, மிஞ்சியது வழிய கலங்கல், அந்தக் கலங்கலிலிருந்து போகும் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்துக் கால்வாய். இப்படியே சங்கிலி மாதிரி கடல்வரை. மேல் ஏரி நிரம்பித்தான் கீழ் ஏரிக்குப் போகும் என்பதால் வெள்ளம் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேராது. இரண்டு மூன்று மாத மழையைப் பிடித்து மீதி மாதங்களுக்கு வைத்திருக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இந்த மண்ணுக்கு இல்லை என்பது என் எண்ணம்.

அதைவிட முக்கியம் பராமரிப்பு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 920ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஏரி வாரியம் என்ற குழுவைப் பற்றிப் பேசுகிறது. பின்னாளில் குடிமராமத்து என்ற பெயரில் ஊரே சேர்ந்து கரையைப் பலப்படுத்தும். கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள், ஏரிக்கும் ஆழம், வயலுக்கும் உரம். ஏரியைச் சார்ந்து வயல் இருந்தவரை கரையைக் கவனிக்க ஆள் இருந்தது. வயல் மனையானதும் மதகு யாருக்கும் தேவைப்படவில்லை, கலங்கல் எங்கே இருக்கிறது என்றே அடுத்த தலைமுறைக்குத் தெரியவில்லை.

6. இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க தெருவுல தண்ணி நின்னதே இல்ல. மழை அதிகமாயிடுச்சா?

மழையும் மாறுகிறது, கடல் சூடாகச் சூடாக ஒரே நாளில் கொட்டும் மழை கூடும் என்றுதான் வானிலை அறிவியல் சொல்கிறது. ஆனால் உங்கள் தெருவில் முதலில் மாறியது தரை. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மேல் 10 செ.மீ. மழை பெய்தால் 22,000 லிட்டருக்கு மேல் தண்ணீர், 12,000 லிட்டர் லாரி ஏறக்குறைய இரண்டு. முன்பு வீட்டைச் சுற்றி மண் இருந்தது, வேப்பமரமும் கிணறும் இருந்தன, அதில் கணிசமான பங்கு உள்ளே இறங்கிவிடும், மீதி மெதுவாக வெளியே வரும். இப்போது கார் நிறுத்துமிடம் வரை டைல்ஸ். தெருவில் இருபது வீடு என்றால் நாற்பது லாரித் தண்ணீர் பெய்யப் பெய்ய ரோட்டுக்கு வருகிறது, ரோடும் தார் மேல் தார் போட்டு வீட்டைவிட உயர்ந்து நிற்கிறது.

நகரமான நீர்ப்பிடிப்புகளில் உலகம் முழுக்க நடப்பது இதுதான்: அதே மழைக்கு வெள்ளம் சீக்கிரம் வரும், உயரமாக வரும், வேகமாக வடியும், பிறகு ஓடையில் ஒன்றும் இருக்காது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, நல்ல காரியம். ஆனால் போட்ட குழியைத் திறந்து மணல் ஜல்லியைக் கழுவாமல் விட்டால் சில மழைக்காலத்திலேயே அடைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுக் குழியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

7. பள்ளிக்கரணைன்னா குப்பைமேடுதானே, அதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு. தென் சென்னையின் ஏரிகள் பலவும் கலங்கல் வழிந்தால் அங்கேதான் வரும். பெருமழை நாளில் தண்ணீர் வந்து விரிந்து உட்கார்ந்து, பிறகு ஒக்கியம் மடுவு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும் இடம் அது. பெருங்குடி குப்பைக் கிடங்கு, சாலைகள், ஐ.டி. வளாகங்கள், அடுக்குமாடிகள் எல்லாம் போக மிஞ்சியது மிகச் சிறு பங்குதான். 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அங்கே இப்போதும் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் நின்று பார்த்தால், ஒரு பக்கம் புகையும் குப்பையும், இந்தப் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேயும் பறவைகள், நடுவில் நாம். சதுப்பில் மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீருக்கான இடம் குறைகிறதே தவிர தண்ணீர் குறைவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தது அதனால்தான்.

8. 2015 வெள்ளம் செம்பரம்பாக்கத்தைத் திறந்து விட்டதாலதானே வந்துச்சு? அதுல என்ன பேச்சு?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சண்டை வரும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மி.மீ.க்கு மேல் மழை. ஏரிகள் ஏற்கெனவே நிரம்பி, மண் ஊறிப் போயிருந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர கி.மீ. நிலத்தில் 47 செ.மீ. மழை விழுந்து முழுதும் வழிந்தால் 4.7 கோடி கன மீட்டர், அதாவது 1.6 டி.எம்.சி.க்கு மேல் (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி. அதிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அந்த வேகம் ஒரு நாள் முழுக்க நீடித்தால் 2.5 டி.எம்.சி. சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் நள்ளிரவில் மாடிக்கு ஓடியவர்களுக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இருக்காது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 21 மணி நேரம் அந்த அளவு திறந்துவிட்டதைச் சுட்டிக்காட்டி, இது மனிதரால் ஏற்பட்ட பேரிடர் என்றே சொன்னது.

ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. செம்பரம்பாக்கத்தின் உபரி திருநீர்மலை பக்கத்தில்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் வருகிறது. அந்த ஊர்களும் மூழ்கின. செம்பரம்பாக்கத்தின் ஒரு சொட்டுகூட அங்கே போயிருக்க வழியில்லை. அங்கே மூழ்கடித்தது உடைந்து வழிந்த சிறு ஏரிகளும், குறுகிப்போன கால்வாய்களும், ஆற்றின் வெள்ளச் சமவெளியில் போட்ட மனைகளும்தான்.

அதனால் என் பதில்: ஷட்டரை எப்போது, எவ்வளவு திறப்பது, கீழே இருப்பவர்களுக்கு எப்போது சொல்வது என்பதில் நடந்த தவறு உண்மை, அதற்குப் பொறுப்புக் கேட்பதும் சரி. ஆனால் ஷட்டரைச் சரியாகக் கையாண்டிருந்தாலும் அந்த மழைக்கு அடையாறு கரையை மீறியிருக்கும். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே அடையாற்றின் மேல் பாலமாகப் போகிறது. ஓர் ஆற்றை இவ்வளவு நெருக்கிவிட்டு எல்லாப் பழியையும் ஒரு ஷட்டர்மேல் போட்டால் அடுத்த வெள்ளத்துக்கு நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

9. அப்ப ஆத்தை நல்லா ஆழமா தூர் வாரி, ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிட்டா பிரச்சினை தீர்ந்துடும்ல?

தூர் வாருவது தேவைதான், குறிப்பாகப் பாலங்களுக்கு அடியிலும் ஏரி வரத்துக் கால்வாய்களிலும். கட்டட இடிபாடும் பிளாஸ்டிக்கும் கிடக்கும் இடத்தில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் ஆற்றை நேராக்கிச் சுவர் கட்டினால் தண்ணீரின் வேகம் கூடும், கீழே இருப்பவர்களுக்கு வெள்ளம் சீக்கிரம் போய்ச் சேரும். கரை மண்ணோடு ஆற்றுக்கு இருந்த கொடுக்கல் வாங்கலும் நின்றுவிடும், மழையில் நிலத்தடிக்கு நீர் இறங்காது, கோடையில் திரும்பி ஊறியும் வராது.

கூடவே, கடலுக்கு அருகே சென்னை ஆறுகளின் சரிவு மிகக் குறைவு. படுகையைக் கடல் மட்டத்துக்குக் கீழே தோண்டினால் கடல் உள்ளே வருமே ஒழிய வெள்ளம் வேகமாக வெளியே போகாது. ஆழத்தைவிட அகலத்துக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள், அது வெட்டினதே படகு போக. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1876-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பிறகு அதுவே நகரத்துக்கு வடிகாலும் ஆனது. இன்று அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

10. மணல் அள்ளினா ஆறு ஆழமாகுது, தண்ணி நல்லா போகுமே. இதுல என்ன தப்பு?

ஆற்று மணல் வெறும் மணல் இல்லை, அதுதான் ஆற்றின் தண்ணீர்த் தொட்டி. பாலாற்றிலும் ஆரணியாற்றிலும் கோடையில் மணலில் கையால் பள்ளம் பறித்தால் ஊற்று சுரந்த நினைவு உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் மேல் மணலின் ஈரம் கையில் படும், கொஞ்சம் ஆழம் போனதும் பக்கச் சுவர் சரிந்து சரிந்து விழும், அப்புறம் கலங்கலாக நீர் கசியும், ஒரு குவளை மொண்டு கொட்டிவிட்டால் அடுத்தது தெளிந்து வரும். மணல் போய்க் களிமண் தெரிந்துவிட்டால் அந்த ஊற்று அவ்வளவுதான். படுகை இறங்கினால் பக்கத்துக் கிணற்று நீர்மட்டமும் இறங்கும், பாலத் தூண்களின் அடி வெளியே தெரியும், கரை சரியும்.

புது மணல் வருமே என்றால், வருவதும் குறைந்துவிட்டது. 1944இல் கொசஸ்தலையாற்றில் கட்டிய பூண்டி மாதிரி ஒவ்வொரு அணையும் மேலிருந்து வரும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அணைக்குக் கீழே போகும் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் சுமையில்லாத தண்ணீர் படுகையையும் கரையையும் அரித்துத்தான் தன் சுமையை எடுத்துக்கொள்ளும். 2003இல் ஆற்று மணல் குவாரிகளை அரசே தன் கையில் எடுத்தது. அள்ளுவது யாராக இருந்தாலும் ஆற்றுக்கு ஒன்றுதான்.

11. அடையாறு கடல்ல சேர்ற இடத்துல ஏன் எப்பப் பார்த்தாலும் மணல் மேடு? வாருறாங்க, திரும்ப வந்துடுது.

நம் கடற்கரையில் அலைகள் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. ஆற்றில் நீரோட்டம் பலமாக இருந்தால் வாயில் சேரும் மணலைத் தள்ளிவிடும். மழை நின்றதும் ஆறு தளர்ந்துவிடும், கடல் மணலை அடைத்துவிடும். இது இயற்கையாக நடப்பது, மழைக்காலத்தில் திறந்து கோடையில் மூடும் முகத்துவாரங்கள் தமிழ்நாட்டுக் கரை நெடுகிலும் உண்டு. மேலே தண்ணீரைத் தேக்கிக் குறைத்துவிட்டதால் இப்போது அது மூடியே கிடக்கும் காலம் நீண்டுவிட்டது.

இதில் துறைமுகத்தின் பங்கும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டியதும் மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது, அதே மணல் கூவத்தின் வாயையும் அடைத்தது. வடக்கே மணல் போகாததால் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரித்தது, இன்று அங்கே கற்களைக் கொட்டித்தான் காக்கிறார்கள். பெசன்ட் நகர் பக்கம் போனால் உடைந்த பாலம் என்று சொல்வார்கள், 1960களில் கட்டி 1977இல் நீரோட்டத்தில் போனது. மீதி நிற்கும் துண்டின்மேல் நின்று பார்த்தால் ஆறு, மணல் திட்டு, கடல் மூன்றும் எந்த மாதம் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் தெரியும். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பொக்லைன் நின்றுகொண்டிருக்கும்.

12. 2015ல மூழ்கினோம், 2019ல தண்ணி இல்லாம தவிச்சோம். ஒரே ஊருக்கு ரெண்டுமா?

இரண்டுக்கும் வேர் ஒன்று. 6ஆம் பதிலில் சொன்ன மாதிரி தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிட்டால் மழை நாளில் வெள்ளம், மழையில்லாத வருஷத்தில் வறட்சி. 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் சோழவரமும் பூண்டியும் கிட்டத்தட்ட வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். அதாவது வேறொரு நீர்ப்பிடிப்பின் தண்ணீர். ஏற்கெனவே கண்டலேறு வழியாகக் கிருஷ்ணா நீரும், வீராணம் வழியாகக் காவிரி நீரும் நமக்கு வந்துகொண்டிருந்தன. நம் குழாயைத் திறந்தால் மூன்று நான்கு ஆறுகள் சேர்ந்து வருகின்றன, அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நாம் நினைப்பதே இல்லை.

4ஆம் பதிலில் சொன்ன பழைய பாலாற்று மணல் அடுக்குகளுக்கு என்ன ஆனது என்றால், ஊறுவதைவிட வேகமாக உறிஞ்சியதால் மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்துக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. கிணறு உவர்த்தால் நெல்லும் போச்சு, குடிநீரும் போச்சு. ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் தடுப்பணைகள் கட்டி நன்னீரை ஊறவைக்கிறார்கள், ஆனால் உப்பு வந்த வேகத்தில் திரும்பிப் போகாது.

13. எண்ணூர்ல எண்ணெய் கொட்டினதுக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம்?

2ஆம் பதிலுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் பல வருஷமாக அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து படிந்துவந்தது. சாம்பல் படிந்த இடத்தில் ஆழம் போகும், இறாலும் நண்டும் போகும். அப்படிப் பலவீனமான கழிமுகத்தில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வெள்ளம் மணலித் தொழிற்பகுதியின் எண்ணெயையும் அடித்துக்கொண்டு வந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு. அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள்மேல் எண்ணெய் படிந்தால் அவை மூச்சுவிட முடியாது.

வெறும் வெள்ளமாக இருந்திருந்தால் கழிமுகம் அதைத் தாங்கிக் கழுவிவிட்டிருக்கும். இங்கே வெள்ளம் விஷத்துக்கு வண்டியாகிவிட்டது. இழப்பு அத்தனையும் அந்தத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைப்பவர்களுக்கு.

14. வர்தா புயல்ல விழுந்த மரத்துக்கும் ஆத்துக்கும் சம்பந்தம் உண்டா? ஆகாயத்தாமரை?

உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரம் இருந்தவரை மழையின் முதல் அடியை இலை தாங்கும், வேர் மண்ணைத் திறந்து வைத்திருக்கும். காட்டு ஆற்றில் மரம் விழுந்தால் மீனுக்கு ஒதுங்க இடம், நகரக் கால்வாயில் விழுந்தால் பாலத்தடியில் அடைப்பு. ஆகாயத்தாமரை கழிவுநீர் விழும் இடத்தில்தான் இப்படிப் பெருகும், அதை வாரியெடுப்பது ஒருபக்கம் இருக்கட்டும், கழிவு விழும் குழாயை மூடாதவரை மறுபடி வரும்.

15. கூவம் ஓரத்து குடிசைகளை எடுத்துட்டா ஆறு சரியாயிடும்னு சொல்றாங்களே?

ஆற்றின் விளிம்பில் ஆபத்தில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான வீடு வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம், பெரும்பாக்கம் இருப்பது 7ஆம் பதிலில் சொன்ன அதே சதுப்பின் ஓரத்தில். ஆற்று வெள்ளத்திலிருந்து எடுத்துச் சதுப்பு வெள்ளத்தில் விட்டோம், வேலையும் பள்ளிக்கூடமும் இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

ஆற்றின் அகலத்தைத் தின்றவர்கள் யார் என்று பட்டியல் போட்டால் குடிசை மட்டும் வராது. தி.நகர் எழுந்தது 1920களில் வடிக்கப்பட்ட நீண்ட ஏரியின் மேல், வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். சாலை, ரயில், பேருந்து நிலையம், கல்லூரி, அடுக்குமாடி என்று பட்டா உள்ளவர்கள் எடுத்த இடம்தான் அதிகம். அதைப் பேசாமல் குடிசையை மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

16. இனிமே கூவம், அடையாறு எல்லாம் மீளுமா, இல்ல அவ்வளவுதானா?

பழைய மாதிரி ஆகாது, ஆனால் மீளும். ஆறுகளுக்கு அந்தக் குணம் உண்டு, நெருக்கடியை நிறுத்தினால் தானாகத் திரும்பி வரப் பார்க்கும். அடையாற்று முகத்துவாரத்தையொட்டி, கட்டட இடிபாடும் குப்பையும் கிடந்த அடையாறு உப்பங்கழியின் 58 ஏக்கரைச் சீரமைத்துத் தொல்காப்பியப் பூங்காவாக 2011இல் திறந்தார்கள். கடல்நீர் உள்ளே வந்து போக வழி விட்டதும் அலையாத்தியும் நண்டும் பறவையும் வந்து சேர்ந்தன.

வரிசை முக்கியம். முதலில் கழிவுநீரை நிறுத்த வேண்டும், அது இல்லாமல் கரையில் நடைபாதையும் பூச்செடியும் வைப்பது வீண். அடுத்து மேலே இருக்கும் சிறு ஏரிகளின் வரத்துக் கால்வாய்களை இணைப்பது, ஏனென்றால் நகருக்குள் ஆற்றை அகலப்படுத்த இடமில்லை, மேலே தாமதப்படுத்தத்தான் இடம் இருக்கிறது. அப்புறம் மீதி இருக்கும் சதுப்பில் இனி ஒரு லோடு மண்கூட விழாமல் பார்ப்பது.

17. புறநகர்ல பிளாட் வாங்கலாம்னு இருக்கோம். தண்ணி வராத இடமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அங்கீகாரம் இருக்கிறது, வங்கிக் கடன் கிடைக்கிறது என்பது மட்டும் போதாது. சர்வே எண்ணை வாங்கி, கிராம நிலங்களின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டில் அந்த நிலமும் சுற்றியுள்ள நிலமும் என்ன வகை என்று பாருங்கள்: ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று இருந்தால் நின்று யோசியுங்கள். புல வரைபடத்தையும் பழைய கிராம வரைபடத்தையும் வைத்து ஒப்பிட்டால் வாய்க்கால் எங்கே ஓடியது என்று தெரியும். விற்பவரிடம் கேட்காதீர்கள், பக்கத்து டீக்கடையில், பழைய வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது என்று. சுவரில் கறை இருந்தால் காட்டுவார்கள். இடம் பார்க்க ஏப்ரலில் போகாமல் நவம்பரில் ஒரு மழை நாளில் போங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த இடத்துக்கு மேல்பக்கம் எந்த ஏரி இருக்கிறது என்று பார்த்து, அதன் கலங்கலைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து போக்குக் கால்வாயை ஒட்டி மனைவரை நடந்து பாருங்கள். நடுவில் எந்த இடத்திலாவது கால்வாய் காணாமல் போனால், எந்த மதிலுக்குப் பின்னால் போனது என்று தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.